வாத்தின் பாதம்

தார்த்து நகரம், பிப்ரவரி.
எமாயெகி ஆறு உறைந்து கிடந்தது.
ஆஸ்பத்திரி வாசலில் தூவியிருந்த உப்பு
என் பூட்ஸில் ஏறிவந்து
தரை நெடுக வெள்ளைக் கோடு இழுத்தது.

எனக்கும் டாக்டர்களுக்கும் நடுவே
எப்போதும் நின்று கைகளால் பேசுகிறவள்தான்
இன்று மேஜையில் படுக்கப் போகிறவள்.
எனவே டாக்டர் அன்னெலி ராவ்க்
பேனாவை எடுத்தார்.

ஒரு காது வரைந்தார்.
காதடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு வட்டம்.
'உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. கெட்டதில்லை. ஆனால் வளரும்.'
வட்டத்தின் அடியில், காதின் பின்னிருந்து கிளம்பி
விரிந்துகொண்டே போகும் ஐந்து கோடுகள்.
'இதை வாத்தின் பாதம் என்போம்'
எழுதிவிட்டுச் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

ஒரு கோடு புருவத்துக்கு, ஒன்று இமைக்கு,
கன்னத்துக்கு, உதட்டுக்கு, கழுத்துக்கு.
அவருக்கு அது நரம்பு.
எங்களுக்கு இலக்கணம்.
கை 'சாப்பாடு' என்று மட்டும்தான் சொல்லும்;
புருவம் உயர்ந்தால்தான் 'சாப்பிட்டாயா?'
உர்வேயின் புருவம் விழுந்துவிட்டால்
எங்கள் வீட்டில் கேள்விகள் இருக்காது.
உத்தரவுகள் இருக்கும்.

எதால் வெட்டுவீர்கள்? என்று எழுதினேன்.
'ஒலியால்.'

அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஐம்பத்தாறு வருஷம்
என்னைச் சுற்றிக்கொண்டு போன ஒன்று
என் மனைவியின் கன்னத்துக்குள்
நுழையப் போகிறது.

மறுபக்கம் திருப்பி எழுதினார்:
நுனியில் ஒரு தகடு,
நொடிக்கு ஐம்பத்தைந்தாயிரம் தடவை அதிரும்.
சதை அறுபடும், சின்ன ரத்தக்குழாய்
அதே சூட்டில் ஒட்டி மூடிக்கொள்ளும்.
ரத்தம் மறைக்காவிட்டால் நரம்பு கண்ணுக்குத் தெரியும்.

சத்தம் பெரிதா?
'யார் காதுக்கும் எட்டாது.'
உங்களுக்குமா?
'எனக்கும்தான். ஓடுகிறது என்று சொல்ல
தனியாக ஒரு பீப் வைத்திருக்கிறார்கள்.'

பாவம்,
அவர்களுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது.

நான் பஸ் பணிமனை மெக்கானிக்.
என்ஜின்மேல் உள்ளங்கை வைத்து
எந்த பேரிங் தேய்ந்ததென்று சொல்லுகிறவன்.
அதனால் கேட்டேன்:
இவ்வளவு அதிர்ந்தால் முனை கொதிக்குமே,
நிறுத்திய பிறகும் சுடுமே?

அப்போதுதான் காகிதத்தை விட்டு
என் முகத்தைப் பார்த்தார்.

'சுடும். நரம்பின் அருகே அதை நம்பமாட்டேன்.
அங்கே சாதாரணக் கத்தரிதான்.
மற்ற இடத்தில் ஒவ்வொரு முறையும்
ஈரத்துணியில் முனையை ஆற்றி, காத்திருந்து, பிறகு.'

'காத்திருந்து' என்பதன் கீழ்
இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மணி பத்து நிமிஷம்.
தாழ்வாரத்துக் காபி மெஷினில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.
அதன் மோட்டாரில் ஏதோ கோளாறு.
யாரிடம் சொல்ல?

கண் விழித்தாள்.
காதோரம் கட்டு, கட்டிலிருந்து ஒரு குழாய்,
குழாயில் ரோஜா நிறத்தில் கொஞ்சம்.
நர்ஸ் ஏதோ சொல்லச் சொல்ல
புருவம் ஏறியது. இமை மூடியது. கன்னம் உப்பியது.
பல்லைக் காட்டியபோது மட்டும்
இடது கீழுதட்டின் ஓரம்
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி
அங்கேயே நின்றுவிட்டது.
'சில வாரம்' என்று டாக்டர் எழுதிக் காட்டினார்.

ஊசி குத்திய கையைத் தூக்கி
உர்வே முதலில் கேட்டது:
அடுப்பை அணைத்தாயா?
புருவம் உச்சியில்.
நினைவில்லை. அணைத்தேன் என்று சொன்னேன்.

அந்த வசந்தம் முழுக்க அவள் பேச்சில்
வேற்றூர் வாடை அடித்தது.
எங்கள் சங்கத்துக் கிழவர் ஆர்வோ
'எந்தத் தீவுக்காரி இவள்?' என்று கேட்டே விட்டார்.
உதடு மே மாதம் திரும்பி வந்தது.

செப்டம்பரில் இன்னொன்று.
உருளைக்கிழங்கு வெந்து சதகுப்பை மணந்தால்
காதுக்கு முன்னால் அந்தக் கன்னம் மட்டும் வியர்க்கிறது.
உமிழ்நீருக்கென இருந்த நரம்பு
வழி தப்பித் தோலுக்குள் முளைத்துவிட்டதாம்.
ஊசி உண்டு, வேண்டுமானால் போடலாம்.

வேண்டாம் என்கிறாள்.
துண்டை நீட்டுகிறேன்.
தட்டு வருவதற்குள்
இன்னொரு சொட்டு.